அசையாத வகுப்பு

மகளை அழைத்துவர குனோங் ராபாட் பள்ளிக்குப் போயிருந்தேன். தாழ்வாரத்தில் நிற்கும்போது தீ ஒத்திகைச் சைரன் அலறியது. பிள்ளைகள் பைகளைப் போட்டுவிட்டுத் திடலுக்கு ஓடினார்கள்.

சிறுவயதில் நான் படித்த ரப்பர் தோட்டப் பள்ளியில் கற்றுத்தந்த ஒரே ஒத்திகை, கையைக் கட்டி வாயில் விரல் வைப்பதுதான். ஒருநாள் ஆற்றுவெள்ளம் வகுப்புக்குள் நுழைந்தது. "யாரும் அசையக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போன வாத்தியார் அன்று திரும்பவேயில்லை. முழங்கால்வரை சேற்றுத்தண்ணீரில் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

பால்மரக் காட்டிலிருந்து ஓடிவந்த அம்மா கத்தினார்: "எந்திரிச்சு ஓடுங்கடா!"

"சார் அசையக்கூடாதுன்னாரும்மா" என்றேன்.

வெள்ளம் வடிந்து பள்ளி மறுபடி திறந்ததும் அதே வாத்தியார் எங்கள் ஒழுக்கத்தைப் பாராட்டினார். கட்டிய கையைப் பிரித்துத் தட்டச் சொன்னார்.

"ப்பா, வெளிய வாங்க லா!" மகள் திடலிலிருந்து கத்தினாள்.

தாழ்வாரத்தில் நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.