காயம்பட்டவர் எவருமில்லை

சேரப்பணஞ்சேரி கன்னியம்மாவின் வலது கையை ஊரே அறியும். பால் சங்கம் இருந்த காலத்தில், பால் கேன் கழுவிய தண்ணியைத் தலைவர் கால்வாயில் திறந்துவிட்டார் என்று, பொதுக்குழுவில் எல்லோர் முன்னாலும் அவர் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். மனிதருக்குப் பல் ஆடிவிட்டது. ஆனாலும் "கழுவுநீர் குறித்து உறுப்பினர் கன்னியம்மா ஆட்சேபம்" என்று சங்க அறிக்கையில் ஏற்றினார்கள், தொட்டியும் கட்டினார்கள். பங்கு வைத்திருந்தவள் ஆயிற்றே, அவளும் ஒரு முதலாளி.

சங்கம் படுத்ததும் கண்ணப்பன் பால் கம்பெனி ஆரம்பித்தான். கன்னியம்மா அங்கே பால் ஊற்றினாள். அவனும் அவன் அண்ணன் தம்பிகளுமே முதலாளிகள், அதனால் யாருக்கும் எந்த அறிக்கையும் கிடையாது. அப்புறம் பாதிக் கம்பெனியை மும்பைக்காரர்கள் வாங்கினார்கள். அவர்களுக்கு வருஷா வருஷம் சுற்றுச்சூழல் அறிக்கை வேண்டுமாம். கண்ணப்பன் கழிவைச் சுத்தம் செய்யவில்லை. கால்வாய்க்குப் போகும் கழிவுக் குழாயைக் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கடியில் புதைத்தான், பாவி.

சோடாக்காரம் போட்டுப் பால் டாங்கி கழுவிய தண்ணி கால்வாயில் கலந்தது. அதைக் குடித்த கன்னியம்மாவின் செவலைப் பசு நுரை தள்ளி, காலை உதறி உதறி, அவள் கண்ணெதிரே செத்தது. மிச்சம் ஒரு கிடேரி. அதற்கும் அதே கால்வாய்தான்.

மும்பைக்காரர்கள் பார்வையிட வந்த அன்று கன்னியம்மா கடப்பாரையோடு போய் மண்ணைத் தோண்டிக் குழாயைப் பிளந்தாள். கழிவுத் தண்ணி பீறிட்டு அவர்கள் பூட்ஸை நனைத்தது. கம்பெனி சூப்பர்வைசர் மாரிராஜ் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்துத் தள்ளி, கடப்பாரையைப் பிடுங்கி வலது முழங்கையில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் கேட் வரை கேட்டது. கிடந்தபடியே அவன் முகத்தில் காறித் துப்பினாள். வந்தவர்கள் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். மறுநாளே குழாயை மறுபடி புதைத்தார்கள்.

கை மாவுக்கட்டில் இருக்கும்போதே கம்பெனியின் அந்த வருஷ அறிக்கை வெளிவந்தது. ஒரகடத்தில் வேலை பார்க்கும் மகள் யுவஸ்ரீ மாட்டுக் கொட்டகையில் நின்று போனில் படித்தாள்.

"என் கையப் பத்தி இன்னாடி எழுதிகீறாங்க?"

"காயம்பட்டவர் எவருமில்லைன்னு கீதும்மா. கம்பெனி ஆளுங்களத்தான் கணக்குல எடுப்பாங்க. கேள்வி கேக்கணும்னா பங்கு வச்சிருக்கணும். நீ ரெண்டும் இல்ல, பால் ஊத்தறவ."

 கிடேரி தண்ணிக்குக் கத்தியது.

"மாரிராஜு கம்பெனி ஆளா?"

"ஆமாம்மா."

"அவன் கை ஒடிஞ்சா எழுதுவாங்களா?"

"எழுதித்தான் ஆவணும். ஏம்மா கேக்கற?"

கன்னியம்மா குனிந்து, செவலையைக் கட்டிவைத்த இரும்பு முளையை இடது கையால் ஆட்டிப் பிடுங்கினாள்.