வாழைக்குப் பக்கத்தில் போட்ட எர்த்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். அதுகூடப் பரவாயில்லை, நெட்வொர்க் இழுக்கிற லேன் ஒயரை மாற்றினேன், பாட்டில் இனிமை கூடிவிட்டது என்று சொல்கிறார்களே, அவர்களையே நம்பாதவன். கும்பகோணத்தில் இருந்துகொண்டு வீடுகளுக்கு நெட்வொர்க் இழுப்பதும் ஸ்பீக்கர் அமைத்துக் கொடுப்பதும்தான் பிழைப்பு. சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், எனக்குத் தெரிந்த வேதாந்தம் அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு நடந்ததைச் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

குடவாசலுக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே ராஜேந்திரன் அண்ணன் வீடு. குவைத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர், வீட்டில் அவரும் அவர் மனைவி செல்வி அக்காவும் மட்டும்தான். ஒரே ஒரு பெண் குழந்தை, பிறந்து சில நாளிலேயே போய்விட்டது, அவருக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. இதை அவரே முதல் நாள் காபி குடிக்கும்போது, கரண்ட் போனதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

மாடியில் பாட்டு கேட்பதற்கென்றே ஓர் அறை. கீழே ரூட்டரும் பாட்டையெல்லாம் சேர்த்து வைத்த சர்வரும், அங்கிருந்து லேன் ஒயர் ஏறி மேலே பாட்டை வாங்கித் தருகிற ஸ்ட்ரீமருக்கு, அதிலிருந்து ஆம்பிளிஃபயர், ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு. எல்லாம் நல்ல சரக்கு. ஆனால் பாட்டு நின்றால் போதும், 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். ஒயரை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், போகவில்லை. கடைசியில் பார்த்தால், வேண்டாத கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற வீட்டு எர்த்தே சரியில்லை. எர்த் போட இந்த வயக்காட்டு மண்ணைவிட நல்ல பூமி கிடைக்காது, வீடு கட்டினவன் பேருக்கு ஒரு கம்பியைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறான்.

"தனியா ஒரு குழி எடுத்துப் போட்டுடலாம்ணே," என்றேன். "எப்பவும் ஈரமா இருக்கிற எடமா சொல்லுங்க."

"கொல்லையில வாழைக்குப் பக்கத்துல போடுங்க தம்பி. வீட்டுல டெய்லி அங்கதான் தண்ணி ஊத்துவாங்க, கோடையிலகூட காயாது."

செல்வி அக்கா அன்று முத்துப்பேட்டையில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். ஆள் வைத்துக் குழி வெட்டி, தாமிரக் கம்பியை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடினோம். வெட்டும்போது மண்ணைத் தவிர அந்தக் குழியில் ஒன்றும் இல்லை, என் கண்ணால் பார்த்தேன், இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் புரியும். ஒயரை மாடிக்கு ஏற்றி மாட்டியதும் இரைச்சல் அற்றுப்போனது.

பொழுது சாய்கிற நேரம். பாட்டை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் அந்த நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், எங்கள் தொழிலில் அதுதான் உப்புப் பார்ப்பது. அப்போது இடது ஸ்பீக்கரில் மெல்ல மூச்சு வாங்குவதுபோல ஒன்று. பிறகு விக்கல். பிறகு அழுகை. பெரிய அழுகை இல்லை, பால் குடிக்கவும் தெம்பில்லாத பிள்ளை அழுமே, அது.

பக்கத்து வீட்டு புளூடூத்தாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் வீடே இல்லை. லேன் ஒயரைப் பிடுங்கினேன், கீழே ஓடிப்போய் ரூட்டரை அணைத்தேன், ஸ்ட்ரீமரையே கழற்றி வைத்தேன். ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கரும் மட்டும்தான் மிச்சம், அதற்குள் எதுவும் போகவில்லை, அழுகை வந்துகொண்டுதான் இருந்தது. எர்த் ஒயரைக் கழற்றினேன், இரைச்சல் வந்தது, அழுகை நின்றது. மாட்டினேன், இரைச்சல் போய் அழுகை வந்தது. பயந்தேன், சொல்ல வெட்கமில்லை. அண்ணன் ஸ்பீக்கருக்கு நேரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா திரும்பி வந்தது அந்த நேரத்தில்தான். படியேறி வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"குழி எங்க எடுத்தீங்க?" என்றார், எர்த் போடுவதை அண்ணன் போனிலேயே சொல்லியிருந்தார். சொன்னேன்.

"எங்கூடப் பொறந்த அண்ணன் எம்புள்ளைய அங்கதான் வச்சாரு தம்பி."

எங்கள் பக்கம் கைக்குழந்தை தவறினால் எரிப்பதில்லை, கொல்லையிலேயே புதைத்துவிடுவதும் உண்டு. அடையாளம் வைக்க மாட்டார்கள், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிற தகப்பனுக்கு இடம் தெரியாமலே போய்விடும். அக்கா மட்டும் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் உள்ளே வந்து ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். "அழுவாத, அம்மா வந்துட்டேன்ல," என்றார், சும்மா, பாயில் கிடக்கிற பிள்ளையிடம் சொல்வதுபோல.

அழுகை நின்றது. கொஞ்சம் விசும்பல், பிறகு சீரான மூச்சு.

"தூங்கிடுச்சு," என்றார் என்னிடம். "இப்பவே அந்தக் கம்பிய எடுத்துடுங்க தம்பி. முழிச்சா மறுபடி அழுவும்."

"வேணாம்," என்றார் அண்ணன். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"அத நிம்மதியா படுக்க விடுங்க." அக்காவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "நான் பட்டது போதும், அது படவேணாம்."

நான் அக்கா பேச்சைக் கேட்டேன். கொல்லைக்குப் போய் ஒயரை வெட்டி, கம்பியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். அக்கா கூடவே வந்து மண்ணைக் கையாலேயே தள்ளி மூடினார். மாடிக்குத் திரும்பினால் 'உம்ம்ம்' வந்துவிட்டிருந்தது. அண்ணன் ஸ்பீக்கர் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அதே இடத்தில் இருந்தார்.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாம் தம்பி," என்றார். "அதுகிட்ட நான் இன்னும் ஒண்ணும் பேசல."

அந்த அறையில் மைக் கிடையாது. ஸ்பீக்கரே மைக்காகவும் வேலை செய்யும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லலாம், ஆனால் ஆம்பிளிஃபயரைத் தாண்டி அது எங்கே போகும்? அக்கா சொன்னது எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்று ஒயர் ஒயராக மனதுக்குள் தடவிப் பார்த்துவிட்டேன், வழியே இல்லை. ஆனால் போய்ச் சேர்ந்தது. அப்படியானால் அண்ணன் பேசியிருந்தாலும் போயிருக்கும்.

இரைச்சலைச் சரிசெய்ய அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. போன மாதம் நானே போன் செய்து, வேறு இடத்தில் எர்த் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். அவருக்குப் பின்னால் 'உம்ம்ம்' கேட்டது, பாட்டு எதுவும் ஓடவில்லை.

"மெதுவா பேசுங்க தம்பி," என்றார்.