ஓமா என்று முடிந்தால்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த சூத்திரம் ஒன்று உண்டு. "ஓமான்னு முடிஞ்சா ஓடிப்போ மாமா." கார்சினோமா, சார்கோமா, லிம்போமா, மெலனோமா. நோயின் பெயர் 'ஓமா' என்று முடிந்தால் புற்றுநோய் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். இது பாடப்புத்தகத்தில் கிடையாது, நானே கண்டுபிடித்தது. ஒரு மதிப்பெண் கேள்விக்கு உதவியதால் பிள்ளைகள் மெச்சினார்கள், எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. உண்மையில் நான் படித்தது தாவரவியல். மிஷன் பள்ளியில் உயிரியல் ஆசிரியர் வேலை கிடைத்ததால் மனித உடலையும் சேர்த்து நடத்தினேன். கரும்பலகையில் படம் வரைந்து, கீழே 'பாகங்களைக் குறி' என்று எழுதுவேன். என் ஞானம் அந்த அளவில்தான் இருந்தது. இப்போது அந்தச் சூத்திரத்தை நான் வகுப்பில் சொல்வதில்லை. ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் என் மனைவிக்குக் கழுத்தில் வலது தாடைக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. அவள் செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எதற்கும் அசர மாட்டாள்.

"பல்லு வலிச்சுச்சுல்ல, அதுக்கு நெறி கட்டியிருக்கு. ரெண்டு நாள்ல வத்திரும்" என்றாள்.

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் கட்டி வரும், பல் வலித்தால் கழுத்தில் வரும். இரண்டுக்கும் எங்கள் பக்கம் நெறி கட்டுவது என்றுதான் பெயர். பல் வலி போய்விட்டது. நெறி போகவில்லை. ஒரு மாதத்தில் அது சின்ன நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்து, பக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. அவளுக்கு அதில் சந்தோஷம். "நடக்காம ஓடாம எப்படி எளச்சேன் பாத்தீகளா?" என்று கண்ணாடி முன் நின்று காட்டினாள். மறுநாளே அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

விளாங்குடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் மருத்துவர் இருக்கிறார். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கச் சொன்னார். தான் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போவதாகவும், திங்கட்கிழமை ரிசல்ட்டோடு வந்தால் போதும் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் லேபுக்கு நான் மட்டும் போனேன். அங்கிருந்த பெண் உறையை நீட்டி, "டாக்டர்ட்ட காட்டிருங்கண்ணே" என்றாள். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னதாக எனக்குப் பட்டது. அவளுக்கு வேலை மும்முரம், வேறொன்றும் இருந்திருக்காது. ஆனால் எதிரே இருந்த டீக்கடை வரைக்கும் நடப்பதற்குள் அதையே நான் ஒரு சகுனமாக்கிவிட்டேன்.

உறையைத் திங்கட்கிழமை வரை பிரிக்காமல் வைத்திருக்கலாம். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. டீயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பிரித்தேன். நாலைந்து வரி ஆங்கிலம். அதில் இரண்டு சொற்கள்தான் கண்ணில் பட்டன. ஒன்று நெக்ரோசிஸ். பாடக்குறிப்பில் அதற்கு நான் எழுதிய தமிழ் 'திசு இறப்பு'. இன்னொன்று கிரானுலோமா.

ஓமா.

செல்போனில் தேடினேன். பத்துப் பதினைந்து காரணங்களைப் போட்டிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்தப் பட்டியலில் 'லிம்போமா' என்ற ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மேலே படிக்கத் துணிவில்லை. டீ ஆடை கட்டிக் கிடந்தது. ஓடிப்போ மாமா என்று முன்வரிசைப் பிள்ளைகள் கோரஸாகச் சொல்வது காதில் கேட்டது. எங்கே ஓடுவது? வீட்டுக்குத்தான் போயாக வேண்டும்.

அவள் வாசலிலேயே நின்றாள். "என்னங்க போட்டிருக்கு?"

"நெறி கட்டுனதுதானாம்" என்றேன். வாயில் வந்த முதல் பொய் அது.

"நாந்தான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த இரண்டு நாள் நான் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை காலை நாலு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்தேன். தோசைக்கு மாவு அரைத்துத் தருகிறேன் என்று நின்றேன். அவள் குழம்பில் உப்பு கூடிப்போனதற்கு, பிரமாதம் என்றேன்.

"இன்னைக்கு மழைதான் வரப்போகுது" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அவளுக்குப் போன் போடுவதா, பரீட்சை முடியட்டும் என்று விடுவதா? இவளிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது? புற்று என்று சொல்லாமல் கட்டி என்றால் போதுமா? தமிழில் கட்டி என்பது எவ்வளவு வசதியான சொல். வேனல் கட்டியும் கட்டிதான், வெல்லக்கட்டியும் கட்டிதான். எல்லாவற்றையும் அதற்குள் ஒளித்துவிடலாம். தமிழ் தெரிந்த மனிதனாக நான் இப்படித்தான் புத்தியைச் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் எல்லா டப்பாவையும் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு இப்ப இம்புட்டையும் எறக்கி வச்சிருக்க? ரெஸ்ட் எடேன்."

"ஒரே தூசி, தொடச்சு வைக்கிறேன். நோட்டுல ஒட்டுவீகளே அந்த லேபிள் இருந்தாக் குடுங்க. மார்க்கர் பேனாவும்."

எடுத்துக் கொடுத்தேன். என் கண்ணெல்லாம் அவள் கழுத்தில் இருந்தது. மத்தியானம் ரசம் வைக்கும்போது என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். "புளி எம்புட்டுன்னு பாத்துக்கங்க. நுரை கட்டுனதும் எறக்கிரணும், கொதிக்க விடக் கூடாது" என்றாள். கேஸ் புக் பண்ணும் நம்பர் தெரியுமா என்று கேட்டாள். பேச்சுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துத் தலையை ஆட்டினேன். சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போனேன். படியில் உட்கார்ந்து பொரி தின்றோம். காற்று நன்றாக இருந்தது. அவள் வழக்கம்போல வளவளவென்று பேசவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை மருத்துவர் ரிப்போர்ட்டைப் படித்தார். இரண்டு நிமிடம்தான் இருக்கும்.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. டிபி. நெறிக்கட்டுல வர்ற டிபி. நெஞ்சுக்கும் ஒரு எக்ஸ்ரே பாத்துருவோம். ஆறு மாசம் மாத்திரை, ஒரு நாள்கூட விடாமச் சாப்பிட்டாச் சரியாப்போகும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "கிரானுலோமான்னு போட்டிருக்கே டாக்டர்?"

"ஆமா சார். டிபியில அப்படித்தான் இருக்கும்."

"ஓமான்னு முடிஞ்சா கேன்சர்தானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யார் சார் சொன்னா?"

நான்தான் பல வருடமாக ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லவா முடியும்? டாக்டரே விளக்கினார். "லைப்போமான்னு வெறும் கொழுப்புக் கட்டி இருக்கு, அது ஒண்ணும் செய்யாது. கண்ணுல வர்ற கிளாக்கோமா கட்டியே கிடையாது. கிரானுலோமாங்கிறது கிருமி பரவாம இருக்க உடம்பு அதைச் சுத்திப் போடுற வேலி மாதிரி சார்" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "அந்தக் காலத்துல இதைக் கண்டமாலைன்னு சொல்வாங்கம்மா. கழுத்தைச் சுத்தி மாலை மாதிரி வரிசையா வருமாம்" என்றார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கு விழுந்த மாலை இதுதான் டாக்டரம்மா" என்றாள் என் மனைவி. மருத்துவர் சிரித்தார். நான் அழுதுவிட்டேன். டிபி என்று கேட்டால் நாலு பேருக்குத் தெரியாமல் மறைப்பார்கள். எனக்கோ தெருவில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. நான் சொன்ன பொய்யே உண்மையாகிவிட்டது. நெறி கட்டியதுதான்.

வெளியே வந்து வண்டியை எடுக்கப் போனபோது அவள் ஏறவில்லை. முகம் சிவந்திருந்தது.

"அப்ப ரெண்டு நாளா நான் சாகப்போறேன்னு நெனச்சுத்தான் பூவும் பொரியும் வாங்கித் தந்தீகளாக்கும்?"

"உன்னைய பயமுறுத்த வேணாம்னு..."

"பொய் சொன்னா மூஞ்சியில தெரியாத ஆளா நீங்க? வெள்ளிக்கிழமை வாசல்ல நின்னப்பவே பாத்தேன்."

பார்த்தும் ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டதற்கு, "வண்டிய எடுங்க" என்று ஏறி உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் அசதியாக இருக்கிறது என்று படுத்துவிட்டாள். பிராயச்சித்தமாக நானே ரசம் வைக்கலாம் என்று அடுக்களைக்குள் போனேன்.

டப்பாக்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பள்ளிக்கூட நோட்டின் லேபிள் ஒட்டி, கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அவசரத்தில் எழுதியது இல்லை. மல்லித்தூள். வத்தல்தூள், ஒரு கரண்டி போதும். சோம்பு, இது சீரகம் இல்லை. சிலிண்டர் பக்கத்துச் சுவரில் கேஸ் நம்பர். அடியில் இருந்த பெரிய டப்பாவில், 'முறுக்கு மாவு, பாப்பா லீவுக்கு வந்தால் சுட்டுக் கொடுக்கவும், கறுப்பு எள் சேர்க்கவும்.'

பாகங்களைக் குறி என்று எத்தனை வருடம் எழுதியிருப்பேன். எனக்காக ஒருத்தி இரண்டு நாள் சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாகம் குறித்து வைத்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முறுக்கு மாவு லேபிளை நகத்தால் கீறிக் கிழிக்கத் தொடங்கினேன்.

பின்னால் அவள் வந்து நின்றிருக்கிறாள். "அதை வேணாக் கிழிங்க. மத்ததெல்லாம் இருக்கட்டும்" என்றாள். "ஆறு மாசம் யாரு சமைக்கப்போறா? ஒங்களுக்குச் சீரகம் எது சோம்பு எதுன்னு இன்னும் தெரியாதுல்ல."