நீலகண்டர் குழாய்

சுவரில் செருகிய பிளாஸ்டிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பிளம்பரைக் கூப்பிடுவேன் என்கிறீர்களா? பொய். நாலு பேர் கைகூப்பி நின்றால் ஐந்தாவதாக நீங்களும் நிற்பீர்கள். ஆம்பூர்ப் பக்கத்து மலையடித் தெருவில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்த ஆசிரியர் சூரியபிரகாஷே நின்றார்.

பூவரசன் நிற்கவில்லை. அந்தக் குழாயை அங்கே செருகியவரே அவர்தான்.

பூவரசனுக்கு நாற்பத்தாறு வயது. தோல் தொழிற்சாலையில் சாயப் பிரிவில் இருந்தவர். அது மூடப்பட்டதும் பொக்லைன் ஓட்டப் பழகினார். இப்போது அவர் ஓட்டுவது நான்கு கால் பொக்லைன். சக்கர வண்டி உருண்டுவிடும் சரிவில் கால்களை ஊன்றி, மேலேயுள்ள பாறையில் கம்பிவடம் கட்டிக்கொண்டு நண்டுபோல் ஏறும். மலைச்சாலையின் மூன்றாம் வளைவு சரிந்து ஓர் ஆட்டுக்கொட்டகையை விழுங்கியபோது அவருடைய குழுதான் வந்தது. தளர்ந்த மண்ணைப் படிபடியாக வெட்டி இறக்கினார்கள். அடியில் தடுப்புச்சுவர் எழுப்பி, சரிவுக்குள் துளைபோட்டு முப்பத்திரண்டு வடிகுழாய்களைச் செருகினார்கள்.

“எதுக்குண்ணா இத்தினி ஓட்டை?” என்று கேட்டார் கமலம். ஷூ கம்பெனியில் தையல் வேலை. சுவருக்கு நேர் கீழே அவருடைய வீடு.

“காய்ஞ்ச தோலை ஒருத்தன் தூக்குவான். ஊறிப்போச்சுன்னா மூணு பேர் வேணும். மலையும் அப்படித்தாம்மா. தண்ணி வெளிய போய்டணும்.”

அடுத்த கோடையில் ஊரே வறண்டு கிடக்க, ஒரு குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ மஞ்சள் பூசினார்கள். தெருவின் பெரிய மனிதர் சுந்தரமூர்த்தி குழாய் முனையில் கோயில் கோமுகம்போல் ஒரு பித்தளைப் பசுவாய் பொருத்தி, கமிட்டி அமைத்தார். தீர்த்தம் போதவில்லை என்று பக்தர்கள் குறைப்பட்டதும், அந்த மேதை மற்ற முப்பத்தொரு குழாய்களையும் சிமென்ட் வைத்து அடைத்தார்.

“இன்னா தலைவரே பண்ணி வெச்சிருக்கீங்க?” என்று பதறினார் பூவரசன்.

“அதெல்லாம் வேஸ்ட்டா ஒழுகும் பூவரசா. இப்ப பாரு, சாமி ஒரே எடத்துல ஃபோர்ஸா வரும்.”

“மழைக்கு செவுரே ஃபோர்ஸா வரும். கீழ இருபத்திரண்டு வீடு இருக்குது.”

“வாயக் கழுவு.”

பூவரசன் நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் மனு கொடுத்தார். “சென்சிட்டிவ் மேட்டர்ப்பா” என்றார் அதிகாரி. அவர் மேசைமேல் தீர்த்த பாட்டில் இருந்தது. கமலமோ, “எங்க பின்செவுரு கூட ஈரமாய்ட்ச்சிண்ணா, சாமி வூட்டுக்கே வந்துட்டாரு” என்று பூரித்தார்.

கோடையில் தண்ணீர் எங்கிருந்து வரும்? பூவரசன் மேலே ஏறிப் பார்த்தார். ஒரு லாட்ஜின் குளியலறைக் கழிவுநீர் திறந்த குழியில் இறங்கிக்கொண்டிருந்தது. சாயக் கிடங்கில் வேலை பார்த்த பழைய தோஸ்த் கவுஸ் பாஷாவிடம் சாயம் கேட்டார்.

“இன்னா கலரு?”

“நீலம். சிவப்பு ஊத்தினா குங்குமம்னுவானுங்க.”

சாயத்தைக் குழியில் ஊற்றிவிட்டு, குழாயடியில் யாரையும் குடிக்கவிடாமல் காவல் நின்றார். மூன்றாம் நாள் பசுவாயிலிருந்து நீலம் வழிந்தது.

“இது ஷூவுக்குப் போடற சாயம். மேல லாட்ஜில குளிச்ச தண்ணி. நான்தான் ஊத்தினேன்.”

கூட்டம் முண்டியடித்து நீலத்தை எட்டிப் பார்த்தது. பிறகு சூரியபிரகாஷின் குரல் எழுந்தது: “நீலகண்டா!”

மாலைக்குள் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். கூட்டம் இரட்டிப்பானது. கமலம் மட்டும் விரலில் ஒட்டிய நீலத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். வாரம் முழுக்கத் தைத்த ஷூவின் நிறம் அது. மறுநாள் அவர் குழாயடியில் விளக்கேற்ற வரவில்லை.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை கமலத்திடமிருந்து பூவரசனுக்குப் போன் வந்தது.

“அண்ணா, செவுரு நடுவுல வயிறு மாதிரி தள்ளிகிட்டு நிக்குது. சீக்கிரம் வாங்க.”

அடுத்த வளைவில் வேலையில் இருந்த இயந்திரத்தில் துளைக்கருவியை மாட்டிக்கொண்டு, யார் உத்தரவும் கேட்காமல் பூவரசன் வந்தார். சுந்தரமூர்த்தியின் ஆட்கள் மறித்தார்கள்.

“சாமி மேல மெஷின் வைப்பியாடா?”

கமலம் நடுவில் வந்து நின்றார். “எங்கம்மா எழுந்து நடக்க முடியாம உள்ள படுத்திருக்குது. இது வுழுந்தா எங்க மேலதான் வுழும். உங்க சாமிய நீங்க தூக்கினு போய் உங்க வூட்டாண்ட வெச்சுக்கங்க. அண்ணா, தொறங்க!”

சிமென்ட் உடைய உடைய ஒவ்வொரு குழாயிலும் சேற்றுநீர் பீறிட்டது. இருபதாவது குழாய் திறந்தபோது பசுவாயில் நீர் மெலிந்து சொட்டானது. சுவர் அசையாமல் நின்றது. தெரு பிழைத்தது.

பரிசு? மத உணர்வைப் புண்படுத்தியதாகப் பூவரசன் மேல் வழக்கு. ஒப்பந்த நிறுவனம் அவரை இயந்திரத்திலிருந்து இறக்கிவிட்டது. ‘தெருவைக் காத்த நீலகண்டர்’ என்று புதிய ஃப்ளெக்ஸ். அதன் அடியில் சுந்தரமூர்த்தி பல்லைக் காட்டுகிறார். சுவர் விழுந்திருந்தால் பூவரசன் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள். ஒப்புக்கொள்ள ஆள் மிஞ்சியிருந்தால்.

போன வாரம் போய்ப் பார்த்தேன். நான்கு குழாய்களை மறுபடி அடைத்திருக்கிறார்கள்.

பூவரசனுக்கு மாலை போட வராதீர்கள். உங்கள் தெருவில் ஒரு தடுப்புச்சுவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் அதன் குழாய்களைப் பாருங்கள். அடைத்திருந்தால் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். மூன்றாம் வளைவைக் கடந்தால் பசுவாய்க்குப் பூ வைக்க வேண்டாம். வண்டியை நிறுத்தி, பக்கத்துக் குழாயில் ஒரு கம்பியை விட்டுக் குத்திவிட்டுப் போங்கள்.