தூங்குகிற பிள்ளையை எழுப்புவது

என் மகள் பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்தாள். பார்க்க வந்தவர்கள் கண் பட்டுவிடும் என்று பயந்து, பிள்ளை சுமாராக இருக்கிறது என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தக் கொழுகொழுப்பே நோயின் அடையாளம் என்று பிறகு மதுரையில் டாக்டர் சொன்னபோது, அந்த மனுஷன் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

பிறந்த மறுநாளே வலிப்பு வந்து, திண்டுக்கல்லிலிருந்து ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோயிருந்தோம். கணையம் நிறுத்தாமல் இன்சுலினைச் சுரக்கிறது, அதனால் ரத்தத்தில் சர்க்கரை தங்கவில்லை, சர்க்கரை இறங்கினால் மூளை பட்டினி கிடக்கும் என்றார்கள். பிறவியிலேயே வருவது, அதிலும் கடுமையான வகை. மாத்திரை கேட்கவில்லை. ஊசிக்கு ஓரளவு அடங்கியது. ஊசி போடவும், குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் பார்க்கவும் கற்றுக்கொண்டு வீடு திரும்பினேன்.

சுகர் என்ற சொல் காதில் விழுந்ததும் எங்கள் தெருவே டாக்டராகிவிட்டது. ஒருத்தி பாகற்காய்ச் சாறு சொன்னாள். தாய்ப்பால் கொடுக்கிற நான் காபிக்குச் சர்க்கரையே போடக்கூடாது என்றாள் இன்னொருத்தி. இது அந்தச் சுகர் இல்லை, அதற்கு நேர் எதிர் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

அதைக்கூடப் புரியவைத்துவிடலாம். தூக்கத்தைத்தான் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. பால் கொடுக்கிற நேரம் தவறக்கூடாது, தூங்கினாலும் எழுப்பித்தான் ஆகவேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு. எங்கள் பக்கமோ தூங்குகிற பிள்ளையை எழுப்புவதைப் பாவம் என்பார்கள். தொட்டிலில் பிள்ளை கிடந்தால் வீட்டில் குக்கர் விசில்கூட வரக்கூடாது. தூக்கத்தில் சிரித்தால் சாமி விளையாட்டுக் காட்டுகிறது என்று அர்த்தம். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, உள்ளங்காலைச் சுண்டி என் மகளை நான் எழுப்புவதைப் பார்த்தவர்கள், இவளெல்லாம் ஒரு தாயா என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு அது தாங்கவே தாங்காது. மதினி சின்னாளப்பட்டியில் வீட்டிலேயே சுங்குடிச் சேலை விற்பவர். இரண்டும் ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளை என்றால் அவருக்கு உயிர். நான் குதிகாலில் குத்தும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

நத்தம் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தினோம். நல்ல வெயில் காலம். காது குத்தியதும் வீறிட்டு அழுதவள், அழுது களைத்து மதினியின் தோளில் சாய்ந்தாள். பொங்கல் படையலுக்கு நானும் என் வீட்டுக்காரரும் சாமிமுன் நிற்கவேண்டும். பால் புட்டியை மதினி கையில் கொடுத்து, தூங்கினால் எழுப்பிக் கொடுத்துவிடுங்கள், மறந்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவரும் சரியென்றார்.

பூசை இழுத்துக்கொண்டே போனது. பாதியில் விலகினால் சாமி குற்றம் என்றார்கள். எல்லாம் முடிந்து ஓடி வந்தபோது புளியமரத்தில் தொட்டில் தொங்கியது. மதினி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். புட்டி நிறையப் பால் அப்படியே இருந்தது.

நான் தொட்டில் துணியை விலக்கப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பத்தான் அசந்து தூங்குது. காது வலியில அம்புட்டு அழுதுருக்கு. இன்னைக்கு ஒரு நாளாச்சும் தூங்கவிடுத்தா."

மொட்டைத் தலையில் பூசியிருந்த சந்தனம் வியர்வையில் கரைந்து கழுத்துவரை வழிந்திருந்தது. வெக்கை என்று நினைத்து மதினி முந்தானையால் துடைத்துத் துடைத்து விசிறியிருக்கிறார். சர்க்கரை இறங்கும்போது வருகிற வியர்வை அது. குதிகாலில் குத்தினேன். எப்போதும் காலை உதறிக் கத்துகிறவள் அன்றைக்கு அசையவே இல்லை. மீட்டரில் எண்ணே வரவில்லை, குறைவு என்று மட்டும் காட்டியது. குளுக்கோஸைக் குழைத்துக் கன்னத்துக்குள் தடவிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பிறகு சென்னையில் கணையத்தின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். இப்போது சர்க்கரை அப்படி இறங்குவதில்லை. அவளுக்கு நாலு வயது. சாய்த்துவைத்தால் உட்காருவாள், குரல் கேட்டால் திரும்புவாள். பேச்சு வரவில்லை. பிறந்த மறுநாள் வந்த வலிப்பால் இப்படி ஆனதா, கோயிலில் வந்ததால் ஆனதா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார்கள் டாக்டர்கள். நான் பிரித்து வைத்திருந்தேன். மதினியோடு பேச்சை அறுத்துக்கொண்டேன். அவர் வாசலுக்கு வந்தால் உள்ளே போய்விடுவேன். அவ்வளவு வெறுப்பு.

போன மாதம் சித்தையன்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் பேர் வைக்கிற விசேஷம். போகாமல் இருக்க முடியவில்லை. கூடத்தில் புதுப்பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது, பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். மதினி எழுந்து தொட்டிலருகே போனார். குனிந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை உள்ளே விட்டு உள்ளங்காலைச் சுண்டினார். பிள்ளை வீறிட்டது. பெற்றவள் ஓடிவந்து வாய்க்கு வந்தபடி பேசினாள், தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற ஆளா நீங்கள் என்றாள்.

மதினி கோபப்படவில்லை. "அழுதுருச்சுல்ல, அது போதும்" என்று மட்டும் சொன்னார். எந்த வீட்டுக்குப் போனாலும் இவருக்கு இதே வேலையாகிவிட்டது, தொட்டிலைக் கண்டால் விடுவதில்லை என்று பக்கத்திலிருந்த பெண் என்னிடம் முணுமுணுத்தாள்.

என் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மதினி எங்களைக் கடந்துதான் போகவேண்டும். வழக்கம்போல அவளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். என்னவோ தெரியவில்லை, என் வாய் தானாகப் பேசிவிட்டது.

"இவளையும் எழுப்பிப் பாருங்க மதினி."

அவர் கீழே உட்கார்ந்தார். உள்ளங்காலைச் சுண்டினார். மகள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். அவள் அழவில்லை. மதினிதான் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.