வாடை வராத பிள்ளை

மதுக்கடை முன்னால் நான் போய் நின்றதும் வரிசையில் இருந்த ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் எங்கள் தெருக்காரர்; துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வெட்கப்பட வேண்டியவள் நானா, அவரா? கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து என் மகன் குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தான். அவனுடைய ஆதார் நகலைக் கம்பி ஜன்னலுக்குள் நீட்டினேன்.

"இருபத்தொன்னு ஆனாதான் குடுப்போம்னு போர்டு மாட்டி வச்சிருக்கிறீங்க. இவனுக்குப் பத்தொன்பதுதான் ஆவுது, தெனம் குடிச்சிக்கினு வரான். குடுக்காதீங்கபா."

விற்பனையாளர் படத்தை உற்றுப் பார்த்தார். "சரிம்மா, இனிமே குடுக்கல. நீங்க இங்கெல்லாம் வந்து நிக்காதீங்க."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சம்பள நாளில்கூட மகன் சுத்தமாக வந்தான். எனக்கு நாய் மூக்கு என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். வாசலிலேயே அவனை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவேன். ஒரு வாடையும் இல்லை. சட்டம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று என்னோடு தறி ஓட்டுகிற பெண்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஆனால் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. காரணமில்லாமல் சிரித்தான், காரணமில்லாமல் கதவை உதைத்தான். ஷிப்டு அசதி என்று நினைத்தேன். துவைக்கப் போட்ட பேண்டில் மாத்திரை அட்டை கிடைத்தது. மருந்துக்கடையில் காட்டினேன். கடுமையான வலிக்குத் தருவது, டாக்டர் சீட்டு இல்லாமல் தரவே கூடாது என்றார்கள்.

மகன் மறைக்கவில்லை. "பிராந்திக் கடையில போயி மானத்த வாங்கினியேம்மா. இத விக்கிறவன் வயசு கேக்கல. வாடையும் வராது, உனக்கும் நிம்மதி."

கையை ஓங்கினேன். அவன் கண்கூடச் சிமிட்டவில்லை. ஓங்கிய கையை நானே இறக்கிக்கொண்டேன்.

சட்டத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடு என்றா கேட்க முடியும்? ஆனால் மதுக்கடையில் சண்டை போட ஓர் ஆளாவது இருந்தார். மாத்திரை விற்பவன் யாரென்று மகன் இன்றுவரை வாய் திறக்கவில்லை. போதையை விடவைக்கும் சிகிச்சைக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு வாரம் வருகிறான், மறுவாரம் வரமாட்டேன் என்கிறான்.

போன வெள்ளிக்கிழமை காமாட்சியம்மன் முன்னால் நின்றேன். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"தாயே, இவனுக்குச் சீக்கிரம் இருபத்தொன்னு ஆவட்டும். குடிச்சிட்டாவது வரட்டும்."