செல்லம்மாளின் அளவு ஜாக்கெட்

போன வாரம் என் கடைக்கு ஒரு பெண் வந்தாள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலையாம். "வின்டேஜ் ஸ்டைல்ல ஒரு பிளவுஸ் தைக்கோணுங்க்கா" என்றாள். இந்த வார்த்தையை இப்போது வாரத்துக்கு நாலு பேராவது சொல்கிறார்கள். அதற்கு அர்த்தம் எனக்கு எப்போதோ பிடிபட்டுவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிழவி ஜாக்கெட் என்று யாரும் சீண்டாமல் விட்டதெல்லாம் வின்டேஜ். மூடிய முதுகு, முழங்கைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் கை, தோளில் சின்னதாக ஒரு பஃப். எங்கள் ஊர் துடியலூர்ச் செடி நர்சரியிலும் இதே கதைதான். வேலியோரம் சும்மா பூத்துக் கிடந்த பட்டுரோஸுக்கு இப்போது தனித் தொட்டி, தொட்டியில் ஒரு பெயர்ப்பலகை. பார்த்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஒரு தொட்டி வாங்கி வந்தேன் என்பது வேறு விஷயம்.

அந்தப் பெண் பையிலிருந்து இரண்டு துணிகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று தைக்காத துண்டு, மாம்பழ மஞ்சள் நிறம். டூ பை டூ என்று சொல்வோமே, அந்தப் பருத்தித் துணி. மடித்தே கிடந்ததால் மடிப்புகள் வெளுத்துக் கோடு விழுந்திருந்தது. இன்னொன்று பழைய அரக்கு ஜாக்கெட். அதை விரித்ததும் அந்துருண்டை வாசம் கடை முழுக்கப் பரவியது.

"எங்க அமுச்சியோடதுங்க. அம்மாவோட அம்மா. நான் பாத்ததே இல்லீங்க" என்றாள். "அம்மா சோமனூர்ல இருக்காங்க. ஈஸ்வரின்னு பேரு. உங்ககிட்டத்தான் குடுக்கோணும்னு சொல்லிப்போட்டாங்க."

அவள் பெயரைச் சொல்லியே இருக்க வேண்டாம். அந்த ஜாக்கெட்டை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருஷத்துக்கு முன்னால் நான்தான் அதைத் தொலைத்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மணியண்ணன் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருந்தார். அவர் வெட்டுவார், நான் தைப்பேன். துணி வாங்குவதும் கொடுப்பதும் என் பொறுப்பு. எங்கள் கடையில் அளவு நோட்டு கிடையாது. டேப்பை எடுத்து ஒரு ஆண் தங்களை அளப்பதை அந்தக் காலத்துப் பெண்கள் விரும்பவில்லை, மணியண்ணனும் கூச்சக்காரர். எனவே தைக்க வேண்டிய துணியோடு, உடம்புக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, மேலே ஒரு சீட்டு வைத்து, ஓரத்துணியால் கட்டி அலமாரியில் போட்டுவிடுவேன்.

அளவு ஜாக்கெட்டாக யாரும் நல்லதைக் கொடுப்பதில்லை. வெளுத்ததும் அக்குளில் நைந்ததும்தான் வரும். ஆனால் அதை வைத்தே நான் ஆளைச் சொல்லிவிடுவேன். மஞ்சள் கறை இருந்தால் சமையல் மும்முரம். கொக்கிக்குப் பதில் ஊக்கு இருந்தால் ஊசி எடுக்க நேரமில்லாதவர். பக்கவாட்டுத் தையலைப் பார்த்தால் உடம்பு வரலாறே தெரிந்துவிடும். இடுப்புப் பக்கம் அப்போதெல்லாம் மூன்று தையல் ஓட்டுவோம், விரல் விரல் இடைவெளியில். உடம்பு போட்டால் உள்தையலை மட்டும் பிரித்துவிட்டால் போதும், ஜாக்கெட் ஒரு விரல் இளகும். கல்யாணத்தின்போது மூன்று, குழந்தை பிறந்ததும் இரண்டு, ஐம்பதை நெருங்கும்போது ஒன்று என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

செல்லம்மாள் என்கிற அம்மாவின் ஜாக்கெட்டில் மட்டும் மூன்றும் அப்படியே இருந்தன. ஒல்லியான, நறுவிசான மனுஷி. ஜாக்கெட்டைக்கூட இஸ்திரிப் பெட்டி போட்டுத்தான் கொடுப்பார். மாம்பழ மஞ்சள் துணியும் அரக்கு ஜாக்கெட்டும் கொடுத்து, "அவசரமில்லீங் அம்மணி, பொறுமையாத் தையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நாளில் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். துணி அப்போது வெட்டக்கூட இல்லை.

காரியமெல்லாம் முடிந்து சில நாளில் ஒரு திங்கட்கிழமை ஈஸ்வரி கடைக்கு வந்தாள். என்னைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும். சோமனூரில் தறிக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், தறிச் சத்தத்திலேயே பேசிப் பழகியதால் சாதாரணமாகப் பேசினாலே ரோட்டுக்குக் கேட்கும். அன்றைக்கு அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஏனுங், எங்கம்மா துணி குடுத்திருந்தாங்ளா? மஞ்சத் துணி?"

"இருக்குதுங்க. இன்னும் வெட்டலீங்க."

"வெட்ட வேண்டாங்க. அளவுக்குன்னு ஒரு ஜாக்கெட் குடுத்திருப்பாங்களே, அது எனக்கு வேணுங்க."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். இறந்தவர் உடுத்திய துணியை வீட்டில் வைக்கக் கூடாது என்று பழசையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். நல்ல சேலைகள் மருமகள்கள் பெட்டிக்குப் போய்விட்டன. "எனக்குன்னு ஒரு கைக்குட்டைகூட இல்லீங்க. கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. பொறவுதான் டெய்லர் கடைல ஒண்ணு இருக்குமேன்னு நெனப்பு வந்துச்சுங்க."

நான் துணிக்கட்டை எடுத்து அவிழ்த்தேன். மஞ்சள் துணிக்குள் அரக்கு ஜாக்கெட் இருந்தது. ஆனால் மூன்றாவது கொக்கி இடத்தில் ஊக்கு மாட்டியிருந்தது. செல்லம்மாள் ஊக்கு மாட்டுகிற ஆள் இல்லை. அப்படியே சுருட்டிவிட்டேன். "கொஞ்சம் வேலை இருக்குதுங்க, வெள்ளிக்கிழமை வாங்க, எடுத்து வெக்கறேன்" என்றேன். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. இரண்டு பஸ் மாறி வந்தவள் வெறுங்கையோடு திரும்பிப் போனாள்.

ஊக்கு யாருடையது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. இத்தனைக்கும் ஜாக்கெட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று சற்று முன்னால்தான் உங்களிடம் பீற்றிக்கொண்டேன். அரக்கு ஜாக்கெட் இல்லாத பெண்ணே அந்தப் பக்கம் கிடையாது என்பதுதான் சிக்கல். கடைசியில் சீட்டுகளைப் புரட்டியபோது புரிந்தது. செல்லம்மாள் துணி கொடுத்த அன்றைக்கே பாப்பாத்தியக்காவும் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை அவருக்கு. இரண்டு கட்டையும் ஒரே நேரத்தில் கட்டும்போது ஜாக்கெட்டை மாற்றிச் சுருட்டியிருக்கிறேன். அவருடைய புதுத்துணியை நல்லவேளையாக மணியண்ணன் கைப்பழக்கத்திலேயே வெட்டிவிட்டார், இருபது வருஷத்து வாடிக்கை. புதியதையும் பழையதையும் அவர் வாங்கிப்போயும் ஒரு வாரம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். செல்லம்மாளின் ஜாக்கெட் அவர் உடம்பில் இருந்தது.

என்ன சொல்வது? இறந்தவர் துணி என்று சொன்னால் அக்கா அங்கேயே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார், அப்புறம் ஒரு மாசத்துக்குத் தூங்க மாட்டார். "அக்கா, ஜாக்கெட் மாறிப்போச்சுங்க. இதுதான் உங்களுது. நீங்க போட்டிருக்கறது சோமனூர்க்காரங்களுது" என்றேன். முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அட சாமி, அதானா!" என்று சிரித்துவிட்டார். "இரு கண்ணு, போட்டதை அப்படியேவா குடுக்கறது" என்று உள்ளே போய் மாற்றி, சோப்புப் போட்டு அலசி, வேலியில் டிசம்பர் பூச்செடிமேல் காயப்போட்டார். நல்ல வெயில். காயும்வரை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். செடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது, நாலு குச்சியை ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார். ஊதாப் பூவில் வெள்ளைக் கோடு போட்ட சாதி அது.

காய்ந்ததை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு தையல்தான் இருந்தன. உள்தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

"இதைப் பிரிச்சீங்களாக்கா?"

"பின்னே? மூச்சு முட்டுச்சு. அப்பவும் இறுக்கந்தான். ஊக்கிருந்த எடத்துல கொக்கியப் பாத்து, நீதான் வெச்சுக் குடுத்தியாக்கும்னு இருந்துட்டேன். நாந்தான் பெருத்துப் போயிட்டேன்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு. நாலு நாளா ராத்திரிச் சோத்தக்கூடக் கொறச்சுட்டேன்!"

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. ஆனால் பெரிய சேதமில்லை என்று தேற்றிக்கொண்டேன். கடைக்குப் போனதும் அந்தத் துளைகள்மேலேயே ஒரு தையல் ஓட்டிவிட்டால் முடிந்தது. ஒரு நிமிஷ வேலை.

கடையில் ஈஸ்வரி வந்து உட்கார்ந்திருந்தாள். மணியண்ணன் வெளியே போயிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் கையிலிருந்த ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டாள். வாங்கிக்கொண்டாள், முகத்தில் வைத்துக்கொண்டாள். அக்காவின் சோப்பு வாசம்தான் வந்திருக்கும். அப்புறம் திரைக்குப் பின்னால் போனாள்.

வெளியே வந்தபோது அதைப் போட்டிருந்தாள். கொக்கியெல்லாம் இழுக்காமல் மாட்டியிருந்தன. அளவெடுத்துத் தைத்தது போல் உடம்பில் நின்றது.

"பாத்தீங்ளா?" என்றாள். பழைய சோமனூர்க் குரல் திரும்பிவிட்டிருந்தது. "பாத்தீங்ளா, எங்கம்மா அளவும் என்ற அளவும் ஒண்ணு! சின்னதுல இருந்து எல்லாரும் நான் அப்பன் சாடை, அப்பன் உடம்புன்னே சொல்லுவாங்க. என்றகிட்ட எங்கம்மா சாடை ஒண்ணுமே இல்லீன்னு சொல்லுவாங்க. இப்பப் பாருங்க!" சொல்லிக்கொண்டே அழுதாள்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். உங்கள் அம்மா இதைவிட ஒரு விரல் சின்னவர், இந்த ஒரு விரலைப் பிரித்தது சத்துணவில் சமைக்கிற இன்னொரு அம்மா என்று. சொல்ல மனசு வரவில்லை. பயமும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. கட்டு மாறிய விஷயம் மணியண்ணன் காதுக்குப் போயிருந்தால் என் வேலை போயிருக்கும். இரண்டில் எது பெரிய காரணம் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. மஞ்சள் துணியையும் மடித்து அவள் பையில் வைத்து அனுப்பினேன்.

இதெல்லாம் அந்தப் பெண் எதிரே நிற்கும்போது என் மனசில் ஓடியதுதான். அவள் ஆசையாக ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் வெளியே வருவதற்கு முன்பே என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒல்லி, நீளக் கை, செல்லம்மாளே வந்து நின்றது போல இருந்தாள். வந்தாள், முகம் வாடியிருந்தது.

"லூசா இருக்குதுங்க்கா. அம்மாக்கு மட்டும் கரெக்டா இருந்துச்சாமா."

இரண்டு விரலால் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். சரியாக ஒரு விரல்.

"குடு கண்ணு, இதுலயே ஒரு தையல் போட்டுத் தாரேன்" என்றேன். முப்பது வருஷமாக என் கை அந்த ஒரு நிமிஷ வேலைக்குத்தான் காத்திருந்தது.

"ஐயோ, வேண்டாங்க்கா!" என்று பதறிவிட்டாள். "அதுல ஒரு நூலைக்கூட யாரும் தொட்டதில்லைன்னு அம்மா சொல்வாங்க. அமுச்சி போட்டது எப்படியோ அப்படியே இருக்கட்டுங்க. இந்த மஞ்சத் துணிய மட்டும் இதே மாடல்ல, என்ற அளவுக்குத் தெச்சுக் குடுத்துருங்க."

டேப் வைத்து அளக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. அரக்கு ஜாக்கெட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவள் போனதும் அதை உள்பக்கம் திருப்பி மஞ்சள் துணிமேல் விரித்தேன். கண்ணாடி போட்டும் துளைகள் சட்டென்று தெரியவில்லை. துணி நைந்து பாதித் துளைகள் அடைந்துவிட்டன. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, துளைத் துளையாகப் பார்த்து, அந்த வரிசைமேலேயே சாக்கட்டியால் கோடு போட்டேன். இப்போது எல்லாரும் ஓரத்தை ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்துவிடுகிறோம், நானும்தான். இதற்கு மட்டும் உள்ளே துணி விட்டு மூன்று தையல் ஓட்டினேன்.

நேற்று வாங்கிப்போனாள். போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னாலேயே பத்துப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். உடனே ஈஸ்வரி போனில் கூப்பிட்டு என்னிடம் பேசினாள். தறியை விற்று எத்தனையோ வருஷமாம், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"நல்லாத் தெச்சிருக்கறீங்க. ஆனா பாருங்க, எம்பொண்ணுக்கு எங்கம்மா அளவு வல்லீங்களே. ஒரு விரல் புடிச்சீங்களாமா?"

அந்தக் குரலில் வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது.

"ஆமாங்க" என்றேன்.

மணியண்ணன் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பாப்பாத்தியக்கா போய்ச் சேர்ந்துவிட்டார், யார் ஜாக்கெட்டைப் போட்டிருந்தோம் என்று தெரியாமலே. அவர் வேலி போய்க் காம்பவுண்டுச் சுவர் வந்துவிட்டது. அவர் கொடுத்த நாலு குச்சியில் ஒன்றுதான் பிழைத்தது, இன்னும் என் வீட்டு வாசலில் பூக்கிறது. நேற்றுக் கிளம்பும்போது, அளவு ஜாக்கெட்டை மறந்துவிட்டுப் போகாதே என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். உள்ளே பழைய துளைகள் தெரியாதபடி மடித்துத்தான் கொடுத்தேன்.